பெயிண்ட் மேல பழி போடாதீங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மொட்டை மாடி ஒழுகல் பத்தி எழுதினேன். அதுக்கப்புறம் வந்த கேள்விங்கள்ல மாடியை விட நீச்சல்குளம் தான் ஜாஸ்தி, அதுலயும் பாதிக்கு மேல பெங்களூருலேர்ந்து. சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, தேவனஹள்ளி பக்கம் வில்லா வாங்கினவங்க, அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல செக்ரட்டரியா மாட்டிக்கிட்டவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. குளத்துக்குள்ள இருக்குற டைல்ஸ் பத்தி ஒருத்தரும் கேக்கல, எல்லாருக்கும் தலைவலி குளத்த சுத்தி இருக்குற அந்த நாலடி ஆறடி தரையும், அதுக்கு அடிக்கிற பெயிண்டும் தான். சரி, இந்த வாட்டி முழுசா அதுக்கே விட்டுடலாம்.

ஐயா, எங்க வில்லால பூல் கட்டி எட்டு வருஷம் ஆச்சு. சுத்தி சிமெண்ட் தரை. ரெண்டு வருஷம் முன்னாடி கிரே கலர்ல எப்பாக்ஸி, அதான் ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற பெயிண்ட், அடிச்சோம். இப்ப ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பி வந்து, மிதிச்சா உடைஞ்சு பட்டை பட்டையா உரியுது. வெயில் படுற பக்கம் மஞ்சளா போயி, கைய வெச்சு தேச்சா மாவு ஒட்டுது. பெயிண்டர் "ஏனூ ஆகல்ல (ஒண்ணும் ஆகாது) சார், மேல இன்னொரு கோட் போட்டா சரியாயிடும்"ங்கறாரு. போடலாமா?
– சர்ஜாபூர் ரோடு வாசகர்

வேணாம் சார். போட்டீங்கன்னா பழைய பெயிண்ட் உரியும்போது புதுசையும் சேத்து தூக்கிட்டு வரும், அவ்ளோ தான்.

உங்க கடிதத்துல ரெண்டு தனித்தனி வியாதி இருக்கு, பெயிண்டர் ரெண்டையும் ஒண்ணா பாக்குறாரு. மஞ்சளாகி மாவா உதிர்றது வெயிலோட வேலை. எப்பாக்ஸி தரையை கெட்டியா பிடிக்கும், ஆசிட் கீசிட் பட்டாலும் தாங்கும், ஆனா சூரியன்ல இருக்குற புற ஊதா கதிர் மட்டும் அதுக்கு ஆகாது. அதனால தான் ஃபேக்டரி உள்ள, கார் பார்க்கிங்ல, பேஸ்மெண்ட்ல எல்லாம் எப்பாக்ஸி வருஷக்கணக்கா நிக்குது, திறந்தவெளில நிறம் மாறிடுது. வெளில எப்பாக்ஸி போட்டே ஆகணும்னா அது அடி கோட்டா மட்டும் இருக்கணும், அதுக்கு மேல அலிஃபாட்டிக் பாலியூரித்தேன்னு ஒண்ணு வருது, அத போடணும், அது வெயில்ல மஞ்சளாகாது. கடைக்காரர்கிட்ட வெறும் பி.யூ.ன்னு, அதாவது பாலியூரித்தேன்னு மட்டும் கேக்காதீங்க, "அலிஃபாட்டிக்கா?"ன்னு கேளுங்க. பி.யூ.லயே அரோமாட்டிக்னு இன்னொரு வகை இருக்கு, அதுவும் மஞ்சளாகுற ஜாதி தான்.

உப்புறது வேற கதை. இதுக்கு ஒரு சின்ன பரிசோதனை இருக்கு, காசு செலவில்ல. உரிஞ்ச ஒரு பட்டைய எடுத்து திருப்பி அதோட முதுக பாருங்க. முதுகுல சிமெண்ட் தூளு மெல்லிசா ஒட்டி வந்திருந்தா, தரையோட மேல்தோலே பலமில்லாம இருந்திருக்கு, பெயிண்ட் நல்லாதான் பிடிச்சிருக்கு, பிடிச்ச இடம் தான் கழண்டு வந்துடுச்சு. சிமெண்ட் தரை போடும்போது தண்ணிய அதிகமா கலந்து, மேல சிமெண்ட் தூவி கரணைய வெச்சு இழு இழுன்னு இழுத்து பளபளன்னு ஆக்குவாங்கல்ல, அந்த மேல்தோல் தான் இது. முதுகு சுத்தமா வழவழன்னு இருந்தா, பெயிண்ட் ஒருநாளும் பிடிக்கவே இல்லன்னு அர்த்தம், தூசி மேலயோ எண்ணெய் மேலயோ ரொம்ப வழுவழுப்பான தரை மேலயோ அடிச்சிருக்காங்க. முதுகுல ஈரமோ வெள்ளையா உப்போ இருந்தா, கீழேர்ந்து தண்ணி ஏறி வருது. நீங்க ஒரு பக்கம் மட்டும் உப்புதுன்னு சொல்றதால எனக்கு இந்த மூணாவது மேல தான் சந்தேகம்.

அத உறுதி பண்ணிக்க, பெயிண்ட் போன ஒரு இடத்துல பதினெட்டு அங்குலம் சதுரத்துக்கு கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டு ஒண்ண வெச்சு நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டிடுங்க. 16 மணி நேரமாவது விடுங்க, அதாவது சாயந்தரம் ஒட்டி மறுநாள் காலைல பத்து பதினோரு மணிக்கு பிரிங்க. ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நின்னாலோ, சிமெண்ட் கறுத்து போயிருந்தாலோ, அந்த தரை இன்னும் பெயிண்டுக்கு தயாரில்ல. நேரா வெயில் அடிக்கிற நேரத்துல இத செய்யாதீங்க, சூட்டுல ரிசல்ட் தப்பா காட்டும்.

ஈரம் எங்கேர்ந்துன்னு தேடணும். அந்த பக்கம் செடித்தொட்டி, புல்தரை எதாவது ஒட்டி இருக்கா? அதுக்கு ஊத்துற தண்ணி ஸ்லாபுக்கு அடியில போயிருக்கும். தரையோட வாட்டம் குளத்துலேர்ந்து வெளிப்பக்கம் சாயணும், நூறு சென்டிமீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டராவது, அப்படி சாயாம தண்ணி தேங்குதான்னு ஒரு பக்கெட் ஊத்தி பாருங்க. அடுத்தது குளமே ஒழுகுதா. ஒரு பக்கெட்ல குளத்து தண்ணிய ரொப்பி, குளத்து படில பாதி முங்குற மாதிரி வெச்சு, பக்கெட்டுக்கு உள்ள இருக்குற மட்டத்தையும் வெளில குளத்து மட்டத்தையும் பென்சில்ல குறிச்சிடுங்க. மோட்டார நிறுத்தி 24 மணி நேரம் விட்டா ரெண்டுலயும் ஆவியாகுறது ஒரே அளவு தான் இருக்கணும். குளத்துல மட்டும் அதிகமா இறங்கியிருந்தா, பெயிண்டர விட்டுட்டு பூல்காரர கூப்பிடுங்க.

இதெல்லாம் சரி பண்ணின பிறகு தான் வேலை. உரியுற பெயிண்ட மட்டும் சுரண்டினா போதாது, உரியாம இருக்குறதுலயும் நல்லா பிடிச்சிருக்கான்னு பிளேடால குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கெட்டி டேப்ப ஒட்டி படக்குன்னு இழுத்து பாருங்க. டேப்போட வந்துட்டா அதுவும் போகணும். டயமண்ட் கப் போட்ட கிரைண்டர் வெச்சு எடுக்குறது தான் நல்லது, கூடவே தூசி உறிஞ்சுற வாக்குவம் வேணும். அந்த தூசில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், வேலை செய்யுற பையனுக்கு துணிய மூக்குல கட்டி விடாம என்95 மாஸ்க் வாங்கி குடுங்க. எடுத்து முடிச்சதும் தரை நைஸ் உப்புத்தாள் பதத்துக்கு சொரசொரன்னு இருக்கணும். ஒரு சொட்டு தண்ணி விட்டா உருண்டு நிக்காம ஒரு நிமிஷத்துக்குள்ள உறிஞ்சணும், அதான் பெயிண்ட் உள்ள இறங்கும்கறதுக்கு அடையாளம்.

இவ்ளோ தூரம் வந்தாச்சுன்னா பெயிண்ட் அடிக்கிறது ரெண்டு நாள் வேலை. சொன்னா நம்ப மாட்டீங்க, மொத்த காசுல முக்கால்வாசி தரைக்கும் கால்வாசி பெயிண்டுக்கும் போனா அந்த வேலை நிக்கும், தலைகீழா போனா ரெண்டு மழைக்கு தாங்காது. உங்க இடத்துல கீழேர்ந்து ஈரம் ஏறுறத முழுசா நிறுத்த முடியாதுன்னு தெரிஞ்சா, எப்பாக்ஸி பக்கமே போகாம, தின்னருக்கு பதிலா தண்ணி கலந்து அடிக்கிற அக்ரிலிக் டெக் கோட்டிங் போடுங்க. அது எப்பாக்ஸி அளவுக்கு உழைக்காது, ஆனா ஆவிய கொஞ்சம் வெளில விடும், உப்பாது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ மேல கோட் போட்டுக்கலாம். எனக்கு கேட்டா வீட்டு பூலுக்கு பெரும்பாலும் இதுவே போதும்னு தான் சொல்லுவேன்.

பெங்களூருல எந்த மாசம் அடிக்கலாம்? போன அக்டோபர்ல அடிச்சு நாசமா போச்சு.
– கனகபுரா ரோடு வாசகி

நாசமா போகாம என்னம்மா பண்ணும். நம்ம ஊர்ல செப்டம்பர் அக்டோபர் தான் வருஷத்துலயே நல்லா கொட்டுற மாசம். ஏப்ரல் மே-ல காலைல சுள்ளுன்னு வெயில் அடிக்கும், வானம் சுத்தமா இருக்கும், சாயந்தரம் நாலு மணிக்கு மாங்காய் மழை வந்து ஈர பெயிண்ட அடிச்சிட்டு போயிடும். ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச் நடு வரைக்கும் தான் நம்மளுக்கு கைகுடுக்குற காலம், காத்துல ஈரமும் கம்மி.

அந்த மாசத்துலயும் நேரம் பாத்து அடிக்கணும். விடியக்காலைல பனி இறங்கி தரை லேசா நனைஞ்சிருக்கும், கண்ணுக்கு தெரியாது, கைய வெச்சா சில்லுன்னு இருக்கும். தரையோட வெப்பநிலை பனி படியுற வெப்பநிலைய விட 3 டிகிரியாவது மேல இருக்கணும்ங்கறது பெயிண்ட் கம்பெனிங்க எல்லாரும் சொல்றது. மத்தியான வெயில்லயும் அடிக்காதீங்க. சிமெண்ட் தரைக்குள்ள குட்டி குட்டி ஓட்டை இருக்கு, அதுல காத்து இருக்கு. தரை சூடேற சூடேற அந்த காத்து விரிஞ்சு மேல வரும், அப்ப மேல ஈர பெயிண்ட் இருந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊசிமுனை ஓட்டை விழும். தரை சூடு இறங்க ஆரம்பிக்கிற நேரம், ஒரு மூணு மூணரை மணிக்கு நிழல் விழுந்ததும் ஆரம்பிச்சு, பனிக்கு முன்னாடி தொட்டா ஒட்டாத அளவுக்கு காயுற மாதிரி முடிச்சிடணும். பெயிண்டர் காலைல எட்டு மணிக்கு வந்து மூணு மணிக்கு கிளம்பணும்பாரு, அத நீங்க தான் பேசி வெச்சுக்கணும்.

மாமா, வீட்டுக்கு வெளிச்சுவத்துக்கு வாங்கின எக்ஸ்டீரியர் எமல்ஷன் இருபது லிட்டர் மிச்சம் இருக்கு. அத பூல் சுத்தி அடிச்சிடலாமா? காசு மிச்சம்.
– எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

சுவத்துல யாரும் நடக்குறதில்ல தம்பி. காம்பவுண்டுக்கு அடிங்க.

எங்கப்பாக்கு எழுபத்தி நாலு வயசு. பேரனோட குளிச்சிட்டு வரும்போது வழுக்கி இடுப்புல அடி. பெயிண்ட் நல்லா பளபளன்னு தான் இருக்கு, உரியல. வழுக்காம பண்ண என்ன வழி? கடைல ஆர்11 டைல்ஸ் வாங்குங்கன்னு சொல்றாங்க.
– யெலஹங்கா வாசகி

அப்பா நல்லாயிருக்காங்களாம்மா, அத முதல்ல பாருங்க.

பளபளன்னு இருக்குறது தான் பிரச்சனையே. பெயிண்டுங்கறது ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் தோல், அது மேல தண்ணி நின்னா வெறுங்காலுக்கு பிடிமானம் இல்ல, சோப்பு நுரை சேந்தா கேக்கவே வேணாம். கடைக்காரர் சொல்ற ஆர்9, ஆர்10, ஆர்11 எல்லாம் எண்ணெய் தடவின சரிவுல ஷூ போட்டு நடந்து பாத்து குடுக்குற நம்பர். வெறுங்காலுக்கு ஜெர்மன்காரங்களோட டின் 51097னு வேற ஒரு கணக்கு இருக்கு, அதுல ஏ, பி, சின்னு மூணு வகை. உடை மாத்துற ரூமுக்கு ஏ போதும், குளத்த சுத்தி இருக்குற தரைக்கு பி, தண்ணிக்குள்ள இறங்குற படிக்கு சி. டைல்ஸ் வாங்குறதா இருந்தா இத கேளுங்க, "வெறுங்கால் ரேட்டிங் என்ன"ன்னு.

உங்களுக்கு டைல்ஸ் மாத்தவே வேணாம், பெயிண்ட் நல்லா பிடிச்சிருக்குங்கறீங்க. மேல ஒருதடவ உப்புத்தாள் போட்டு பளபளப்ப எடுத்துட்டு, துடைச்சிட்டு, அதே வகை பெயிண்ட்ல ஆண்டி ஸ்கிட் பவுடர் கலந்து ஒரு கோட் குடுங்க. இதுல மூணு சாமான் கிடைக்கும். அலுமினியம் ஆக்ஸைடு ரொம்ப கூர்மை, லாரி ஏர்ற ரேம்புக்கு சரி, குழந்தைங்க முட்டி போட்டா தோல் உரிஞ்சிடும். சலிச்ச நைஸ் சிலிக்கா மணல் மலிவு, நடுத்தரம். பாலிமர் மணின்னு குட்டி குட்டி பிளாஸ்டிக் உருண்டை வருது, அது தான் பாதத்துக்கு இதமா இருக்கும். கலக்கினா அடியில போய் உக்காந்துக்கும், அதனால ஒருத்தர் அடிக்க இன்னொருத்தர் பக்கெட்ட கிளறிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா தரைல முதல் பாதி வழுக்கும், கடைசி பாதி கல்லு கல்லா இருக்கும். முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூலைல மூணடிக்கு மூணடி அடிச்சு, காஞ்சதும் தண்ணி ஊத்தி, அப்பாவ நடக்க விடாதீங்க, நீங்க நடந்து பாருங்க.

இன்னொண்ணு, பாசி. நிழல் பக்கம் பச்சையா தெரியாம கூட மெல்லிசா படிஞ்சிருக்கும், அதுக்கு எந்த பவுடரும் உதவாது, வாரம் ஒருதடவ கெட்டி பிரஷ் போட்டு தேய்க்கணும். குளத்துலேர்ந்து ஏறுற இடத்துல கைப்பிடி கம்பி ஒண்ணு வெச்சிடுங்க, அப்பாவுக்கு பெயிண்ட விட அது முக்கியம்.

பெயிண்ட் வேலைக்கு குளத்து தண்ணிய முழுசா இறக்கணும்னு காண்ட்ராக்டர் சொல்றாரு. இறக்கலாமா?
– ஜே.பி. நகர் வாசகர்

வெளிய பெயிண்ட் அடிக்க உள்ள தண்ணிய எதுக்கு இறக்கணும்? அவருக்கு தூசி விழுந்தா சுத்தம் பண்ற வேலை மிச்சம், அதான் விஷயம்.

காலி குளம் சும்மா இருக்காது சார். மழைக்காலத்துல நிலத்தடி தண்ணி மட்டம் ஏறியிருந்தா, உள்ள இருக்குற தண்ணியோட கனம் இல்லாததால வெளித்தண்ணி குளத்தையே கீழேர்ந்து தள்ளும், விரிசல் விடும், ஃபைபர் குளமா இருந்தா முழுசா எழும்பியே வந்துடும். அப்புறம் இந்த ஊர்ல தண்ணி கதை உங்களுக்கே தெரியும். 2024 மார்ச்ல குடிநீர் வாரியம் நீச்சல்குளத்துக்கு குடிநீர் ஊத்தக்கூடாதுன்னு தடை போட்டு 5000 ரூபா அபராதம்னு அறிவிச்சாங்க. இறக்கிட்டு திரும்ப டேங்கர்ல ரொப்புறதுக்கு பெயிண்ட் செலவே தேவலாம்.

தண்ணிய ஒரு அரையடி குறைச்சுக்கோங்க, மேல தார்ப்பாய விரிச்சு ஓரத்துல மணல் மூட்டை வெச்சு இறுக்குங்க, கிரைண்டர் ஓடுற நேரத்துல மோட்டார நிறுத்திடுங்க, இல்லன்னா பெயிண்ட் துண்டு ஸ்கிம்மர் (மிதக்குற குப்பைய உள்ள இழுக்குற வாய்) வழியா ஃபில்டருக்கு போயிடும். எவ்ளோ மூடினாலும் கொஞ்சம் சிமெண்ட் தூசி தண்ணில விழும், அது தண்ணியோட அமில-கார அளவான பி.எச்.ச ஏத்திடும். வேலை முடிஞ்சதும் டெஸ்ட் பண்ணி 7.2லேர்ந்து 7.8க்குள்ள கொண்டு வந்துட்டு அப்புறம் இறங்குங்க.

எங்க பூல் சுத்தி ஒரு பக்கம் சாதரஹள்ளி கிரானைட், இன்னொரு பக்கம் கோட்டா ஸ்டோன். ரெண்டும் கறை பிடிச்சு அசிங்கமா இருக்கு. ஒரே கலர்ல பெயிண்ட் அடிச்சா பாக்க நீட்டா இருக்குமான்னு வீட்ல கேக்குறாங்க.
– தேவனஹள்ளி வாசகர்

சாதரஹள்ளி கிரானைட் தேவனஹள்ளி பக்கத்துலயே வெட்டி எடுக்குற கல்லு, ஊரே அத வெச்சு வீடு கட்டுது, அது மேல பெயிண்டா? மனசே வரல சார்.

விஷயமாவும் சரியா வராது. கிரானைட் தண்ணிய ரொம்ப உறிஞ்சாது, பெயிண்ட் பிடிக்க அங்க போதுமான ஓட்டை இல்ல. ஃபிளேம் பண்ணின, அதாவது நெருப்பு காட்டி சொரசொரப்பாக்கின கல்லா இருந்தா அதுவே வழுக்காது, அத பெயிண்ட் போட்டு நீங்களே வழுக்க வெச்சுக்குவீங்க. கறைக்கு முதல்ல என்ன கறைன்னு பாருங்க. வெள்ளை வெள்ளையா இருந்தா அது போர் தண்ணில இருக்குற சுண்ணாம்பு, குளத்து தண்ணி தெறிச்சு காஞ்சு காஞ்சு படிஞ்சது. பழுப்பா இருந்தா பெரும்பாலும் இலைக்கறை, மேல மரம் இருக்கும். துருக்கலர்ல இருந்தா சேர் காலு, இல்லன்னா யாரோ ஆசிட் ஊத்தியிருக்காங்க, சில கிரானைட்ல இரும்பு சத்து உண்டு, ஆசிட் பட்டா அது துருவா வெளில வரும்.

கோட்டா ஸ்டோன்கிட்ட ஆசிட்ட கொண்டே போகாதீங்க. அது சுண்ணாம்புக்கல், ஆசிட் பட்ட இடம் நுரைச்சு அரிச்சு நிறம் வெளுத்துடும். நல்ல ஸ்டோன் கிளீனர், கெட்டி நைலான் பிரஷ், நிறைய பொறுமை. காஞ்சதும் மேல தோல் கட்டாம உள்ள இறங்குற வகை சீலர் ஒண்ணு போடுங்க. உங்களோடது உப்புத்தண்ணி பூலா? அப்படின்னா தினம் சாயந்தரம் சாதா தண்ணி விட்டு கல்ல அலசி விடணும். அந்த குளத்துல லிட்டருக்கு மூணு நாலு கிராம் உப்பு இருக்கும், கடல விட ரொம்ப கம்மி தான், ஆனா தெறிச்ச தண்ணி காயும்போது உப்பு கல்லோட ஓட்டைக்குள்ள படிகமாகி விரியும், மெல்லிசான கல்லு ஏடு ஏடா பேந்து வரும்.

மாமியார் பூல் சுத்தி பெயிண்ட்லயே கோலம் போட்டு காவி பார்டர் அடிக்கணும்னு ஆசைப்படுறாங்க. வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. நடக்குமா அண்ணா?
– ராமமூர்த்தி நகர் வாசகி

தாராளமா நடக்கும்மா, ரிசார்ட்டுக்காரன் பண்ணினா டிசைன், மாமியார் கேட்டா சிரிப்பா?

அடி கோட்டு ரெண்டும் அடிச்சு காஞ்ச பிறகு, அதே கம்பெனி அதே வகை பெயிண்ட்ல வெள்ளையும் காவியும் வாங்கி கோலத்த போட்டுடுங்க. நெளிக்கோலம் கைல வராட்டி ஸ்டென்சில் வெட்டிக்கலாம். அது நல்லா காஞ்சதும் முழு தரைக்கும் சேத்து ஒரு கிளியர் கோட், அதுல பாலிமர் மணி கலந்து. இத விட்டீங்கன்னா கோலம் போட்ட இடம் மட்டும் வழவழன்னு இருக்கும், சரியா அங்க தான் கால் வழுக்கும். தண்ணிலேர்ந்து ஏறி முதல் அடி வைக்கிற இடத்துல கோலம் வேணாம், கொஞ்சம் தள்ளி போடுங்க. மார்கழி மாசம் கோலப்பொடியே போடுவேன்னு மாமியார் சொன்னா மட்டும் வாசலோட நிறுத்திக்க சொல்லுங்க, பொடி காத்துல குளத்துக்குள்ள போச்சுன்னா தண்ணி கலங்கி ஃபில்டர் அடைச்சுக்கும்.

அபார்ட்மெண்ட் பூல் சுத்தி பழைய தரைய கழுவ பெயிண்டிங் ஆளுங்க ஆசிட் ஊத்தினாங்க, அப்புறம் பாசிக்குன்னு அங்கேயே பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. பச்சை கலர்ல புகை மாதிரி வந்து ரெண்டு பேருக்கு இருமல் நிக்கல. ஏன்?
– ஒயிட்ஃபீல்டு அசோசியேஷன் செக்ரட்டரி

சார், அது குளோரின் வாயு. உயிர் போற விஷயம். இருமல் இன்னும் இருந்தா, மூச்சு விட கஷ்டமா இருந்தா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, "சரியாயிடுச்சு"ன்னு அவங்க சொன்னாலும் கூட்டிட்டு போங்க, நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது சில மணி நேரம் கழிச்சும் வரும்.

ஆசிட்டும் குளோரின் சாமானும் எங்கயும் சேரக்கூடாது, தரைல மட்டும் இல்ல, ரூம்லயும். உங்க பம்ப் ரூம்ல ஆசிட் கேனும் குளோரின் டப்பாவும் பக்கத்து பக்கத்துல இருக்கான்னு இன்னிக்கே போய் பாருங்க, முக்காவாசி அபார்ட்மெண்ட்ல அப்படி தான் வெச்சிருப்பாங்க. ஒண்ண வேற ரூமுக்கு மாத்துங்க. ஒரே மக்க ரெண்டுக்கும் பயன்படுத்தாதீங்க.

தரைய கழுவ ஆசிட் ஊத்துறதே எனக்கு பிடிக்காது, கிரைண்டர் இருக்கும்போது அது எதுக்கு. ஊத்தி தான் ஆகணும்னா தண்ணில ஆசிட்ட விடணும், ஆசிட்ல தண்ணிய விடக்கூடாது, கண்ணாடி, கிளவுஸ், பூட்ஸ் இல்லாம யாரையும் இறக்கக்கூடாது. முடிஞ்சதும் சோடா உப்பு கரைச்ச தண்ணி ஊத்தி ஆசிட்ட அடக்கிட்டு, நிறைய தண்ணில அலசணும். அந்த தண்ணி குளத்துக்குள்ளயோ செடிக்கோ போகாம பாத்துக்கணும். ஸ்டீல் ஏணிய பிளாஸ்டிக் போட்டு மூடுங்க, ஆசிட் ஆவி பட்டாலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் புள்ளி புள்ளியா துருப்பிடிக்கும்.

குளத்து ஓரக்கல்லுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கு, கறுப்பா பழைய ரப்பர் எதோ இருக்கு. மேஸ்திரி சிமெண்ட் வெச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிடலாம்கறாரு.
– பன்னேர்கட்டா ரோடு வாசகர்

அடைக்க விடாதீங்க. அது விட்டுப்போன இடைவெளி இல்ல, வேணும்னே விட்டது. தரை வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும், குளம் தண்ணியோட கனத்துல தனியா உக்காந்திருக்கு, ரெண்டும் தனித்தனியா அசையுறதுக்கு தான் அந்த ஜாயிண்ட். சிமெண்ட் வெச்சு பூட்டினீங்கன்னா தரை விரியும்போது ஓரக்கல்ல தள்ளும், மேல் வரிசை டைல்ஸ் கழண்டு குளத்துக்குள்ள விழும். பழைய ரப்பர முழுசா வெட்டி எடுத்துட்டு, ஃபோம் கயிறு ஒண்ண உள்ள அமுக்கி, மேல பாலியூரித்தேன் சீலண்ட் போடுங்க. பெயிண்ட் அடிக்கும்போது அது மேல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, ஏன்னா ரப்பர் இழுபடும், பெயிண்ட் இழுபடாது, கோடு கோடா வெடிக்கும்.

கலர்? எனக்கு சார்கோல் கிரே பிடிச்சிருக்கு.
– இந்திராநகர் வாசகி

ஏப்ரல் மத்தியானம் வெயில்ல நின்ன ஒரு கறுப்பு ஸ்கூட்டர் சீட்ட தொட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்கம்மா. சுத்த வெள்ளையும் வேணாம், கண்ணு கூசும், ஒவ்வொரு கால் தடமும் தெரியும். சாம்பல் கலந்த மணல் நிறம், வெளிர் கிரே இதெல்லாம் சூடும் ஏறாது, அழுக்கும் காட்டாது. சார்கோல் தான் ஆசைன்னா நடக்காத ஓரத்துல ஒரு பட்டையா அடிச்சுக்கோங்க.

எங்களுது தேக்கு மர டெக். போன வருஷம் வார்னிஷ் அடிச்சோம், இப்ப செதில் செதிலா உரியுது.
– கோரமங்கலா வாசகர்

படுக்கை வாட்டுல இருக்குற மரத்துக்கு, அதுவும் தண்ணிக்கு பக்கத்துல, தோல் கட்டுற வார்னிஷ் நிக்காது. மரம் நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும், வார்னிஷால கூடவே ஓட முடியாது. உப்புத்தாள் போட்டு முழுசா எடுத்துட்டு மரத்துக்குள்ள இறங்குற டெக் ஆயில் போடுங்க, மிச்சத்த பத்து பதினஞ்சு நிமிஷத்துல துணியால துடைச்சிடணும். வருஷா வருஷம் போடணும், ஆனா உரிக்கிற வேலை இனி இல்ல. துடைச்ச துணிய சுருட்டி குப்பைல போடாதீங்க, எண்ணெய் காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளில காய வெச்சிட்டு அப்புறம் போடுங்க.

கொட்டேஷன் மூணு வாங்கினேன், ஒண்ணுக்கொண்ணு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எத நம்புறது? வேலை முடிஞ்சா எப்ப குளிக்கலாம், பசங்க இப்பவே கேக்குறாங்க.
– ஹெப்பால் வாசகர்

மூணுலயும் தரைய தயார் பண்றதுக்கு என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ரொம்ப கம்மியா இருக்குறதுல "கிளீனிங்"னு ஒரே வார்த்தை தான் இருக்கும், பந்தயம் வெக்கிறேன். கிரைண்டிங் உண்டா, விரிசலுக்கு என்ன போடுவாங்க, பிரைமர் எது, எத்தனை கோட், காஞ்ச பிறகு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன், ஒவ்வொரு டப்பாவோட முழு பேர், இதெல்லாம் எழுதி குடுக்க சொல்லுங்க. சதுரடிக்கு ரேட் பேசும்போது அளவ நீங்களும் டேப் பிடிச்சு எடுங்க, சில பேரு குளத்தையும் சேத்து அளந்துடுவாங்க. டப்பா சீல் உடைக்காம உங்க முன்னாடி திறக்கணும், ரெண்டு டப்பா கலக்குற வகைன்னா கலந்த பிறகு எவ்ளோ நேரத்துக்குள்ள அடிச்சு முடிக்கணும்னு அதுலயே போட்டிருக்கும், நேரம் தாண்டினத தின்னர் ஊத்தி ஓட்டினா விடாதீங்க. புதுசா சிமெண்ட் போட்டு ஒட்டின இடம் எதாவது இருந்தா அது 28 நாள் ஆறணும், அவசரம்னா அதுக்குன்னு வர்ற சீக்கிரம் காயுற மோர்ட்டார் கேளுங்க. காசுல ஒரு பங்க முதல் மழைக்கு அப்புறம் குடுக்குற மாதிரி பேசிக்கோங்க.

பசங்களுக்கு சொல்லுங்க, பெரும்பாலான பெயிண்ட்ல 24 மணி நேரத்துல வெறுங்கால்ல மெதுவா நடக்கலாம், சேர் டேபிள் இழுத்து போட மூணு நாள், தண்ணி தெறிச்சு ஆட்டம் போட ஏழு நாள். டப்பால அதுக்கு மேல போட்டிருந்தா டப்பா சொல்றது தான் கணக்கு.